நீந்தத் தெரிந்தவர்களுக்கு வேலை

வெள்ளம் வடிந்து, கொள்ளிடப் படுகையின் மேட்டில் தப்பிய வாழைகள் புது இலை விட்டு, மறுபடி அறுப்பு தொடங்கிய அன்று காலையில் வீரம்மாளும் அக்னஸும் ஜாஸ்லினும் தூக்குச்சட்டியோடு பஞ்சக்கரைச் சாலையில் போய் நின்றார்கள். டெம்போ வந்தது. ஆண்கள் ஏறினார்கள். வீரம்மாள் ஒரு காலைத் தூக்கிப் பின்பலகையில் வைத்த நேரம், வாழையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பீமராவ் முன்னாலிருந்து இறங்கி வந்து கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீங்க வேண்டாம்மா. இனிமே படுகைக்கு ஆம்பளைங்க மட்டும்தான்."

"ஏங்க, நாங்க என்ன பண்ணினோம்?"

"ஒண்ணும் பண்ணல. உங்களுக்கு நீச்சல் தெரியாது. இன்னொரு தடவை தண்ணி வந்தா நான் யாருக்குன்னு பதில் சொல்றது? ரெங்கம்மா வீட்டு வாசலை இப்பவும் என்னால தாண்டிப் போக முடியல."

அவர் நடிக்கவில்லை. ரெங்கம்மாளை எடுத்த அன்று மயானம் வரை செருப்பில்லாமல் நடந்து வந்தவர் அவர். அதனாலேயே அவரிடம் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது. வீரம்மாள் டெம்போவுக்குள் பார்த்தாள். அவள் புருஷன் பிச்சமுத்து இலை அறுக்கும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீச்சல் தெரிஞ்சா வேலை உண்டா?" என்று கேட்டாள்.

டெம்போவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பீமராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தெரிஞ்சா வாங்க, யாரு வேண்டாம்னா?" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இலையை ஆண்கள் அறுப்பார்கள். பெண்கள் உள்ளே ஒதுக்குப்புறத்தில் உட்கார்ந்து கிழிசலைக் கழித்து, அடுக்கி, கட்டுக் கட்டித் தூக்கிவருவார்கள். எப்போதும் அப்படித்தான். கொள்ளிடம் வருஷத்தில் பெரும்பாதி மணலும் நாணலுமாகக் கிடக்கும். படுகைக்கும் கரைக்கும் நடுவே ஓடும் கிளையில் ஆடு மேயும். மேட்டூர் நிரம்புமா, நிரம்பாதா என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வரும்போது மட்டும், இப்போதெல்லாம், பெய்ய வேண்டிய மழை எல்லாம் எங்கோ ஒரே வாரத்தில் பெய்துவிட்டதுபோல மொத்தமாக வருகிறது. ரெங்கம்மாள் போன அன்றும் அப்படித்தான் வந்தது. தண்ணீர் திறக்கப்போகும் செய்தி காலையிலேயே இலைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தது. அந்தக் குரூப்பில் ஒரு பெண்ணின் நம்பர்கூட இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை, சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம்தான் வரும் என்று ஆண்கள் நினைத்துக்கொண்டு அறுத்தார்கள். மதியச் சோற்றுக்கு முன்பே கரைக்குப் போகும் மேற்குப் பக்கத்து மண்பாதை முழுகிவிட்டது. கிளையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுருட்டிக்கொண்டு ஓடியது. கத்தல் கேட்டு பெண்கள் வாழைக்குள்ளிருந்து ஓடிவந்தபோது ஆண்கள் பாதிப்பேர் அக்கரையில் இருந்தார்கள். "வீரம்மா, வா!" என்று பிச்சமுத்து தண்ணீரிலிருந்து ஒரு சத்தம் போட்டான். பிறகு அவன் தலை கரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

பெண்கள் மோட்டார் கொட்டகையின் கூரையில் ஏறினார்கள். கடைசியாக ஏறிய ரெங்கம்மாளின் கால்களில் நனைந்த சேலை சுற்றிக்கொண்டது. வழுக்கினாள். வீரம்மாள் குனிந்து அவள் முந்தானையை எட்டிப் பிடித்தாள். சேலை வந்தது. ரெங்கம்மாள் வரவில்லை.

டெம்போ கண்ணுக்கு மறைந்த பிறகும் மூன்று பேரும் சாலையோரத்திலேயே நின்றார்கள். அப்போதுதான் அக்னஸ், எதையோ விழுங்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்கு நீச்சல் தெரியும்" என்றாள்.

ஜாஸ்லின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அக்னஸுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த வாசனை எப்போதும் அவளிடமிருந்து வரும்.

"எங்க அப்பாவுக்கு எல்லாம் பொட்டப்புள்ளைங்க. கிணத்துல தூக்கிப் போட்டு கத்துக்குடுத்தாரு. மீனாட்டம் கெடப்பேன். வயசுக்கு வந்தேன், அம்மா கிணத்தடிப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க. அதோட சரி."

"அப்ப அன்னைக்கு ஏன்க்கா போகல?" என்றாள் ஜாஸ்லின்.

அக்னஸ் தன் சேலையைத் தொட்டுக் காட்டினாள். "சேலையோட நீந்த முடியாது. அவுத்துப் போட்டா, கரை பூரா ஆம்பளைங்க. எப்படி ஏறுவேன்? அதைத்தான் யோசிச்சுட்டு நின்னேன். யோசிச்சுட்டே இருக்கறப்பதான் ரெங்கம்மா போயிட்டா." அவள் வீரம்மாள் பக்கம் திரும்பினாள். "நான் இறங்கியிருந்தா பிடிச்சிருப்பேன், வீரம்மா."

வீரம்மாளுக்கு உடம்பெல்லாம் ஏதோ ஏறியது. அது துக்கம் இல்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. காய்ச்சல் வருவதற்கு முன் வருமே ஒரு சூடு, அதுபோல. அக்னஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். "எங்கக்கா?" என்று ஜாஸ்லின் பின்னாலேயே ஓடிவந்தாள். திருவெள்ளறைக்குப் பக்கத்தில் வீரம்மாளின் அண்ணன் சின்னையனுக்கு ஒரு தோட்டமும் அதில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறும் இருந்தன. நல்ல மழை பெய்த வருஷம். கிணறு மேல்படிகள்வரை நிறைந்து கிடந்தது.

சின்னையன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இது என்ன கூத்து? பாக்கறவன் என்ன சொல்லுவான்?" என்றார். அவர் மனைவி வீட்டுக்குள் போய்ப் பழைய சேலைகளை எல்லாம் அள்ளிவந்து, கிணற்றைச் சுற்றியிருந்த வேலிக்கம்பிகளில் வரிசையாகக் கட்டினாள். பச்சை, ஊதா, மஞ்சள் என்று கிணறு திருவிழாப் பந்தல்போல ஆகிவிட்டது. "இப்ப யாரு பாப்பா?" என்றாள்.

அக்னஸ் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுப் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டாள். சிலுவைக்குறி போட்டாள். கடைசிப் படியில் அவள் நின்ற நேரம் மற்ற மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் முன்னால் சாய்ந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. பிறகு கிணற்றின் எதிர்ச்சுவரோரம் அந்த நரைத்த தலை குபுக்கென்று மேலே வந்து, "ஏ ஆத்தாடி! மறக்கல! மறக்கலடி!" என்று கத்தியது. அந்தக் கத்தல் கிணற்றுச் சுவர்களில் மோதி மோதிச் சுற்றியது. பொந்துகளிலிருந்த புறாக்கள் படபடவென்று வெளியே பறந்தன. அக்னஸ் மல்லாந்தாள், கவிழ்ந்தாள், காலால் தண்ணீரை அடித்துப் படியில் இருந்தவர்களை நனைத்தாள். கிணற்றுக்குள் முழங்கால் வலி இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்னஸ் பூசை முடித்துவிட்டு வருவாள். மூவரும் துறையூர் ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸைப் பிடிப்பார்கள். மற்ற நாள்களில் கல்யாண மண்டபங்களில் அண்டா தேய்த்தார்கள். எச்சில் இலையை வாரும்போதுகூட வீரம்மாளின் கால்கள் மேசைக்கடியில் தானாக உதைத்துக்கொண்டிருந்தன. முதல் நாள் நைட்டியோடு இறங்கினாள். அதற்குள் காற்றுப் புகுந்து பலூன்போல ஊதித் தலைக்கு மேலே ஏறியது. ஜாஸ்லின் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறை பிச்சமுத்துவின் பழைய சட்டையும் லெக்கிங்ஸும். முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். இத்தனை வருஷம் குனிந்தே இருந்த உடம்பு, தண்ணீரில் நீளமாகப் படுத்துக் கையை முழுதாக நீட்டியபோது, தனக்கு இவ்வளவு நீளமான கை இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூக்கில் ஏறிய தண்ணீர் மண்டைவரை எரிந்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்று துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அக்னஸ் சொல்லாமல் கொள்ளாமல் கேனின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். வீரம்மாளுக்கு அது தெரியாது. எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பியபோதுதான் கேன் வேறொரு மூலையில் தனியாக மிதப்பதைப் பார்த்தாள். வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே திரும்பியும் நீந்தினாள்.

ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்த அன்று பிச்சமுத்து வாசலில் நின்றிருந்தான்.

"தெரு பூரா பேசுது. என் சட்டையைப் போட்டுட்டு கிணத்துல குதிக்கறியாமே."

"ஆமா. உங்க சட்டை நல்லா மிதக்குது."

அவன் சிரிக்கவில்லை. அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் அதிகம் குடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆனால் தூக்கத்தில் கையை வீசி வீசி விழித்துக்கொள்வான்.

"கூப்பிட்டேன்ல" என்றான் திடீரென்று.

"கூப்பிட்டீங்க."

"திரும்பி வந்திருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம், புள்ள."

"இருக்கலாம். நான் உங்களைக் கேக்கவே இல்லையே." அவள் கூந்தலை முடிந்தாள். "இனி என்னைக் கூப்பிட வேண்டியதில்ல. அதுக்குத்தான் போறேன்."

தை பிறந்த பிறகு ஒரு காலை வீரம்மாள் பீமராவின் இலை மண்டிக்குப் போய், "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் கொள்ளிடம் வற்றியிருந்தது. ஆனால் வெள்ளம் குடைந்துவிட்டுப்போன அந்தக் கிளையில், படுகைக்கும் கரைக்கும் நடுவே, ஆள் நிலைக்காத ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஞாயிறு காலையில் கரையில் தெருவே திரண்டிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பாதி, தலையில் அடித்துக்கொண்டவர்கள் பாதி. பீமராவ் குடையோடு வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி, தோளில் லாரி டியூபையும் ஒரு சுருள் கயிற்றையும் மாட்டிக்கொண்டு பிச்சமுத்து நின்றான்.

மூன்று பெண்களும் மண்பாதை வழியாகச் சுற்றிப் படுகைக்குப் போனார்கள். அங்கிருந்துதானே கரைக்கு வர வேண்டும். முழுக்கைச் சட்டை, லெக்கிங்ஸ், இறுகக் கட்டிய கொண்டை. செருப்புகளை நாணலோரம் விட்டார்கள். அக்கரையிலிருந்து யாரோ விசில் அடித்தான். ஜாஸ்லினின் பற்கள் தந்தியடித்தன. "அக்கா, கிணத்துக்குச் சுவரு இருந்துச்சு" என்றாள். "இதுக்குக் கரை இருக்கு, வா" என்று சொல்லிவிட்டு அக்னஸ் இறங்கினாள்.

வீரம்மாள் இறங்கியபோது தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடச் சில்லென்றிருந்தது. அடியில் ஒரு இழுப்பும் இருந்தது. பாதி தூரம்வரை கை சரியாகத்தான் விழுந்தது. நடுவில் காலில் ஏதோ சுற்றியது. பாசிதான். ஆனால் அவள் உடம்புக்கு அது சேலை. ஒரு நொடி கால்கள் செங்குத்தாகின, வாய்க்குள் தண்ணீர் போனது, கரை மேலே ஏறியது. "வீரம்மா!" என்ற குரல் கேட்டது. யார் குரல் என்று தெரியும். டியூப் தண்ணீரில் விழும் சத்தமும் கேட்டது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தாள், வயிற்றை மேலே தூக்கினாள், கைகளை விரித்தாள். தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டது. வானம் மட்டும் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் உச்சி தலைகீழாக. அப்படியே கிடந்து மூச்சு விட்டாள். பிறகு காலை மெல்ல உருவி, புரண்டு, கையைப் போட்டாள். ஒன்று, இன்னொன்று. முழங்கால் சேற்றில் இடித்த பிறகுதான் கரை வந்துவிட்டது என்று தெரிந்தது.

கரையில் ஒரு பெண் கைதட்டினாள். அதோடு எல்லாப் பெண்களும் தட்டினார்கள், தலையில் அடித்துக்கொண்டவர்கள் உட்பட. ஜாஸ்லின் மண்ணில் விழுந்து வானத்தைப் பார்த்துக் கத்தினாள். பீமராவ் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"திங்கக்கிழமை அறுப்பு இருக்கு" என்றார் கடைசியில்.

"வரோம்யா" என்றாள் அக்னஸ், மூச்சு வாங்க. "ஆனா எங்க மூணு பேரு நம்பரையும் அந்த குரூப்புல போடுங்க. நாங்க நீந்தறதுக்கு முன்னாடி ஓடணும்ல?"

அவர் போனை எடுத்துக் கண்ணாடியைத் தேடினார். ஜாஸ்லின் தன் காலைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள். "ஐயோ, செருப்பு! எல்லாம் அந்தக் கரையிலயே கெடக்கு!"

சுற்றிலும் சிரிப்பு வெடித்தது. மண்பாதை வழியாகப் போனால் வெகுநேரம் ஆகும். பிச்சமுத்து கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "இரு, நான் போயி எடுத்தாறேன்" என்று சட்டைப் பொத்தானை அவிழ்க்கத் தொடங்கினான்.

வீரம்மாள் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜாஸ்லின், அவளுக்கும் பின்னால் சிரித்துக்கொண்டே அக்னஸ். மூன்று கொண்டைகள் பச்சைத் தண்ணீரின்மேல் வரிசையாக நகர்ந்தன. பாதி அவிழ்த்த சட்டையோடு பிச்சமுத்து கரையில் நின்றான். அவர்கள் உதைத்த அலைகள் ஒவ்வொன்றாக வந்து அவன் பாதத்தில் பட்டுப் பட்டுத் திரும்பின.