கேட்காத கடன்

மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டால் தலைச்சுமை இறங்கிவிடும் என்றுதான் மகேஸ்வரன் நினைத்திருந்தார். ஆழ்வார்குறிச்சியில் இரண்டு நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு ஓட்டியவர். ஆற்று வெள்ளத்தில் இரண்டும் மூழ்கின. தவணை மட்டும் மூழ்கவில்லை. பைனான்ஸ் கம்பெனி, டீசல் பங்க், சொந்தக்காரர்கள் என்று பாக்கி நீண்டது.

திவால் மனு தாக்கலான பிறகு, அவருடைய வக்கீல் சண்முகசுந்தரி உட்காரவைத்து விளக்கினார். வீடும் வயலும் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். அவர் விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கு வைப்பார். உடுதுணி, சமையல் பாத்திரம், மனைவியின் தாலி இவற்றைத் தொடமாட்டார்கள். ஒழுங்காக நடந்துகொண்டால் மிச்சக் கடனிலிருந்து கோர்ட் பிற்பாடு விடுவிக்கும்.

"மனு போடுததுக்கு முந்தி மூணு மாசத்துல யாருக்காவது தனியா பணம் கொடுத்தீங்களா?"

"பொட்டல்புதூர் ஹமீது பீவிக்கு ரெண்டு லட்சம்."

பீவியின் கணவர் மகேஸ்வரனிடம் டிரைவராக இருந்து இறந்தவர். மகள் தஸ்மியாவின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைத்தான் பீவி அவருக்குக் கைமாற்றாகத் தந்திருந்தாள்.

"மத்தவங்கள விட்டுட்டு ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா செல்லாது. ரிசீவர் திருப்பி வாங்கிருவாரு. அந்தம்மா வாசல்ல வந்து சண்ட போட்டு, நெருக்கடி தாங்காம கொடுத்திருந்தா அது வேற."

"அது வாயத் திறந்து கேட்டதே இல்ல. கேக்கலையேன்னுதான் கொடுத்தேன்."

சண்முகசுந்தரி பேனாவை மூடிவைத்தார். "அதத்தான் சட்டம் தப்புன்னு சொல்லுது, அண்ணாச்சி."

அன்று மாலையே மகேஸ்வரன் கிளம்பிவிட்டார். பொட்டல்புதூருக்குப் போய், பீவி வீட்டுத் தெருமுனை வரை சென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போய், வக்கீல் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டார்.

பீவி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பணத்துக்கு நகை எடுத்தாச்சே, அண்ணாச்சி. தெருவுல நின்னு உங்கள ஏசியிருந்தா இது எனக்கு நிலைச்சிருக்கும், அப்படித்தானே?"

"ஆமா, தங்கச்சி."

"அப்ப ஏசுனேன்னே சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

விசாரணையன்று பைனான்ஸ் கம்பெனியின் வக்கீல் சுற்றிவளைக்காமல் கேட்டார்: "அந்தப் பணத்தைக் கேட்டு அவங்க நெருக்கினாங்களா?"

பின்வரிசையில் பீவி முந்தானையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். 'ஆமா' என்ற சொல் மகேஸ்வரனின் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அடுத்து அவளைக் கூண்டில் ஏற்றுவார்கள். செய்யாத சண்டையை அவள் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

"இல்லங்கய்யா. கேக்கவே இல்ல."

அவர் திவாலானவர் என்று தீர்ப்பானது. பீவிக்குக் கொடுத்ததும் ரத்தானது. அவள் சேதாரம், கூலி எல்லாம் நஷ்டப்பட்டு நகையை விற்றுக் கட்டினாள். வீடும் வயலும் விற்ற பிறகு பங்காக அவளுக்குத் திரும்பி வந்தது கால்வாசிகூட இல்லை.

கல்யாணம் குறைந்த நகையோடு நடந்தது. மகேஸ்வரன் போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பீவியே பிரியாணி கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி." குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

இப்போது நாங்குநேரிப் பக்கம் வேறொருவருடைய இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டுகிறார். விடுவிப்பு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், கடன்காரரோ கோர்ட்டோ என்று வயலுக்கு நடுவில் என்ஜினை நிறுத்திவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.