ஆறாவது பட்டை

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வரைபடம்’ என்றால் போதும், திரும்பிப் பார்ப்பான். எண்களைப் பட்டை பட்டையாக வரைந்து சுவரிலிருக்கும் பெரிய திரையில் போடுவது அவன் வேலை. ஆறு மெக்கானிக்குகளில் யார் மாதத்துக்கு எத்தனை புகார் முடித்தார்கள் என்று ஒரு படம் போட்டிருந்தான். அதிகம் முடித்தவருக்குப் பச்சை, கடைசி ஆளுக்குச் சிவப்பு. சின்னக் குழந்தைக்கும் புரியும் என்று மேலாளர் பாராட்டினார். இவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று மாதமாகச் சிவப்பில் நின்றது ஒரே ஆள். அவர் இவன் மனைவியின் அண்ணன். வீட்டில் சாப்பாடு கிடைத்தது, முகம் கொடுத்த பேச்சு கிடைக்கவில்லை.

“எங்க அண்ணனை எல்லாரும் பார்க்க சிவப்புல நிறுத்திட்டீங்களே.”

“நான் நிறுத்தல. நம்பர் நிறுத்துது.”

“நம்பருக்குக் கலர் அடிச்சது யாரு?”



வெள்ளிக்கிழமை கூட்டத்தோடு சிவப்பு ஆளை வேலையிலிருந்து எடுத்துவிடப் போவதாக மேலாளர் சொன்னார். மச்சானுக்கு ஐம்பத்திரண்டு வயது. இனி யார் வேலை கொடுப்பார்கள்? படத்தில் கை வைத்தாலோ, சொந்தக்காரனுக்காகத் திருத்திவிட்டான் என்பார்கள்.

புதன்கிழமை மச்சானையே மடக்கிக் கேட்டான். “மத்தவங்க அறுபது முடிக்கிறாங்க. நீங்க முப்பத்தொண்ணுல நிக்கிறீங்க. என்னதான் பண்றீங்க மச்சான்?”

மச்சான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். “கதவு மாட்டிக்குதுன்னு கூப்பிடுவாங்க மாப்பிள்ளை. தள்ளிவிட்டா ஓடிடும். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா உள்ள உருளை தேஞ்சிருக்கும். அதை மாத்தாம வர மனசு வராது. அரை நாள் போயிடும்.”

அப்படியானால் தள்ளிவிட்டு வருகிறவர்களின் லிஃப்ட் என்ன ஆகிறது? அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இருக்கைக்கு ஓடிப்போய்ப் புகார்களைக் கட்டிட வாரியாக அடுக்கினான். பச்சைப் பட்டைக்காரர் ஒரே லிஃப்ட்டுக்கு ஒரே மாதத்தில் நான்கு முறை போயிருந்தார். நான்கு முறையும் ‘முடிந்தது’ என்று பதிவு. அரைகுறையாகப் பார்த்தவருக்குப் பட்டை வளர்ந்திருக்கிறது, ஒழுங்காகப் பார்த்தவருக்குச் சிவப்பு. இந்தக் கூத்துக்குக் கலர் அடித்து மூன்று மாதம் சுவரில் காட்டிய புத்திசாலி வேறு யாருமல்ல, அவனேதான். வெட்கத்தில் காது சுட்டது.

வெள்ளிக்கிழமை திரையில் புதுப் படம் வந்தது. ஒருவர் சரிசெய்த லிஃப்ட்டுகள் முப்பது நாளுக்குள் எத்தனை முறை மறுபடி நின்றன என்ற கணக்கு. பேர் இல்லை, கலர் இல்லை. ஒன்று முதல் ஆறு வரை எண் மட்டும்.

மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்னப்பா வரைபடம், ஆறாவது காலியா இருக்கு. டேட்டா வரலையா?”

“வந்திருக்கு சார். முப்பத்தொரு லிஃப்ட். அவர் பார்த்துட்டுப் போனதுல ஒண்ணுகூட திரும்ப நிக்கல. வரையறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“யாருப்பா அது?”

அவன் எண்களை எடுத்துவிட்டுப் பேர்களைப் போட்டான்.

“உன் மச்சான்தானே?”

“ஆமா சார். அதான் முதல்ல பேரை மறைச்சேன்.”

 மேலாளர் மேசையில் தயாராக இருந்த வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். பழைய படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

மாலையில் மச்சான் கருவிப் பையோடு வாசலில் நின்றிருந்தார். கூட்டத்தில் நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. “இப்ப நான் என்ன கலர் மாப்பிள்ளை?”

“உங்களுக்குப் பட்டையே இல்ல மச்சான்.”

பாவம், மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் அவசரமாக அந்தக் கனத்த பையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

“நல்ல சேதிதான். வீட்டுக்கு வாங்க. உங்க தங்கச்சி முன்னாடி சொல்றேன், மன்னிப்பும் அங்கேயே கேட்டுக்கறேன்.”