நாட்டரசன்கோட்டை வாசலில் பச்சைத் தண்ணீர்

நான் கார் வாங்கியது அறுபத்தேழாம் வருஷம். எங்கள் ஊர்ச் செக்காலை ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தேன். சைக்கிளில் போய் வந்த வரைக்கும் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. தேவகோட்டை டாக்டர் ஒருவர் புது வண்டி எடுத்துவிட்டுப் பழைய ஆஸ்டினை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், கடைக்குச் சரக்கு ஏற்ற உதவும் என்று என் மனைவி மெய்யம்மையிடம் சொல்லி வாங்கி வந்துவிட்டேன். அந்த வண்டியில் ஒரு குண்டான்கூட ஏறியதில்லை. ஏறியதெல்லாம் நான்தான், ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு.

வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. ஆறேழு மைலில் இருக்கும் குன்றக்குடி போய்ச் சேர்வதற்குள் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி அடிக்கும். ரோட்டோரத்தில் நான் நிற்பதைப் பார்த்துப் போகிறவர்கள் எல்லாரும், பிள்ளைக்கு என்ன பால் கொடுக்கிறீர்கள் என்று கேட்பதுபோல, வண்டிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் ஊருணித் தண்ணீர்தான் நல்லது என்றார். இன்னொருவர் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றார். நான் ஊற்றி வந்ததோ எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பருப்புக்கூட வேகாத உப்பு.

அந்தச் சமயத்தில்தான் சீமையில் படித்துவிட்டு, காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த என் சித்தப்பா மகன், அந்தக் காரின் டிக்கியில் கிடந்த ஒரு தகர டின்னை எனக்குக் கொடுத்தான். பனி விழும் ஊரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துபோகாமல் இருப்பதற்காகக் கலப்பது, இங்கே பிரயோஜனமில்லை என்று சொல்லித்தான் கொடுத்தான். உறையாமல் காப்பாற்றுவது கொதிக்காமலும் காப்பாற்றும் என்று நான் கணக்குப் போட்டேன். டின்னில் பச்சை நிறத்தில் பாகு மாதிரி இருந்தது. இனிப்பு வாசனை. மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலக்க வேண்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அது மிச்சம் பிடிக்கிறவர்களுக்குச் சொன்னது என்று முடிவு செய்தேன். அதன் கீழே, குடித்தால் விஷம், ஆடு மாடு அண்டாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. அதையும் மெக்கானிக் சின்னக்கருப்புக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவனுக்கு என்னைவிட உற்சாகம். இவ்வளவு உசத்தியான சரக்கை அழுக்கு ரேடியேட்டரில் ஊற்றக்கூடாது என்று சலவைச் சோடாவைக் கரைத்து விட்டு, உள்ளே படிந்திருந்த உப்புப் பொறுக்கு, துரு எல்லாவற்றையும் அலசி எடுத்தான். பிறகு டின்னைக் கவிழ்த்து, ரேடியேட்டர் நிரம்புவதற்குப் போதாத குறைக்கு மட்டும் தண்ணீர் விட்டோம்.

மறுநாள் காலையில் மெய்யம்மையின் தம்பி வயிரவனுக்குப் பெண் பார்க்க நாட்டரசன்கோட்டைக்குப் புறப்பட்டோம். மாமனார் காலமாகிவிட்டதால், பெரிய மனிதனாக உட்கார்ந்து பேச வேண்டியவன் நான். சரிகை வேட்டி, பட்டுத்துண்டு. கல்லல் தாண்டியும் வண்டி கொதிக்கவில்லை. சீமைச் சரக்கைப் பற்றி நான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்ததை வயிரவன் பொறுமையாகக் கேட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

பெண்ணின் தகப்பனார் பெத்தாச்சி செட்டியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். எல்லாரும் உள்ளே போக, கடைசியாக வண்டிக் கதவைச் சாத்திய நான் கீழே பார்த்தேன். செம்மண்ணில் பச்சையாக ஒரு குட்டை. முன்பக்கத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளாடு வந்து மூக்கை நீட்டியது.

டின்னில் வாசித்த வரி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெண் பார்க்க வந்த வீட்டு வாசலில் ஆடு ஒன்று செத்து விழுந்தால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி. ஆட்டை விரட்டினேன். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே மேலே சொட்டியது. போன ஆடு இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்றேன். மறுபடி கூப்பிட்டார்கள். காற்றாட நிற்கிறேன் என்றேன். சித்திரை மாதம், வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. வயிரவன் வந்து கெஞ்சிவிட்டுப் போனான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம். வழிநெடுகப் பேசிய பேச்சு விடவில்லை.

கல்லெடுத்து எறிந்தால் நன்றாக இருக்காது என்று தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்து ஆடுகளைப் பார்த்து வீசினேன். உள்ளே இருந்தவர்களுக்கு ஆடு தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதன் தெருவில் நின்று துண்டை உதறுவதுதான் தெரிந்திருக்கிறது. நம் பக்கத்தில் துண்டை உதறினால் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்துபோவதாக அர்த்தம்.

மெய்யம்மை விறுவிறுவென்று வந்தாள். குரலைத் தாழ்த்தி, "எந்தம்பி கல்யாணத்தைக் கெடுக்கவா இங்குட்டு வந்து நிக்கிறீக?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பெத்தாச்சி செட்டியாரே வந்துவிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"எங்க பக்கம் ஏதும் குறை இருந்தாச் சொல்லுங்க தம்பி. இப்படி வெளிய நின்னா நாங்க என்னன்னு நெனைக்கிறது?"

குறையெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். சொல்லும்போதே ஒரு ஆடு அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வர, நான் அவர் காதோரமாகத் துண்டை வீசினேன். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

அப்போது தெருப்பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு குரல் தகப்பனாரைக் கூப்பிட்டது.

"அப்பச்சி, அவுக ஆட்டைத்தான் வெரட்டுறாக. அப்ப இருந்தே நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பெண்தான், மீனாள். அவளைப் பார்க்க நாங்கள் வந்திருக்க, அவள் இவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கூடத்திலிருந்து வயிரவன் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் தெருவரைக்கும் வந்தது. அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது. டின், சோடா, விஷம் என்று எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். பெத்தாச்சி செட்டியார் குனிந்து பச்சைக் குட்டையைப் பார்த்தார். பிறகு பழைய இரும்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து சொட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லி, ஆள் விட்டு மண்ணை வெட்டி ஆழமாகப் புதைக்கச் செய்தார். இதற்காகவா நிற்கிறீர்கள், வந்ததுமே சொல்லியிருந்தால் பலகாரம் ஆறியிருக்காதே என்பதுதான் அவர் சொன்னது. புதைத்து முடிக்கும் வரை ஆடுகளை விரட்டிக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆவணியில் கல்யாணம் என்பது வரைக்கும் பேச வேண்டியதையெல்லாம் நான் இல்லாமலே பேசி முடித்திருந்தார்கள். வெள்ளைப் பணியாரம் மட்டும் எனக்காக மிச்சம் இருந்தது.

திரும்பும்போது அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊற்ற ஊற்ற ஒழுகியது. கண்மாய் கண்ட இடமெல்லாம் நிறுத்தி வயிரவன் தண்ணீர் மொண்டு வந்தான். புது மாப்பிள்ளைக்கு அன்று எதுவும் கஷ்டமாகத் தெரியவில்லை.

சின்னக்கருப்பும் நானும் ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சல்லடை. இத்தனை நாளாக ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது அந்த உப்புப் பொறுக்குதான். அதைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரத்தையாகச் சுரண்டி எடுத்திருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் ஈயம் வைத்து அடைத்தோம்.

பிறகு அந்த வண்டிக்கு ஒத்துக்கொண்டது மழைத்தண்ணீர். எங்கள் வளவு முற்றத்தில் ஓடு வழியாக விழுவதை அண்டாவில் பிடித்து, தெளிய வைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினேன். கடையிலேயே பெரிய அண்டாவாகப் பார்த்து எடுத்து வந்தேன். குன்றக்குடி வரைக்கும் கொதிக்காமல் போகும். அதற்கு அப்பால் நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வருவதற்கு மதுரையிலிருந்து ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வண்டி இருக்கிறதே என்று சொல்லிக்கொள்ளவில்லை.