அப்பா முன்பதிவு செய்த வீடு

பலகைகளை முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும் என்பதில் மடோகாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆறு வயதுப் பையனையும் ஆளுயரப் பனிச்சறுக்குப் பலகைகளையும் ஒருசேர இழுத்துக்கொண்டு, வருஷக் கடைசிக் கூட்டத்தில் ரயில் ஏறுவது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா? கூரியரில் போட்டால் அது பாட்டுக்கு மலையேறிப் போய் உட்கார்ந்திருக்கும். நாம் கைவீசிக்கொண்டு போய் இறங்கலாம். சைத்தாமாப் பக்கம் இவர்கள் இருக்கும் ஹனாகியிலிருந்து நாகானோ மலைக்குப் போகிற குடும்பமெல்லாம் அப்படித்தான் செய்கிறது. அனுப்பியதை யாரும் போன் போட்டுச் சொல்வதுகூட இல்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

மற்றவர்கள் விடுதிக்கு அனுப்புவார்கள். மடோகா அப்பா வீட்டுக்கு அனுப்பினாள். கமினாசே கிராமத்தில், சறுக்குச் சரிவுக்கு லிஃப்ட் ஏறுகிற இடத்துக்குப் பூட்ஸோடு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் அப்பா டொகுஜியின் வீடு. இந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஓர் அறை பிடிக்க ஜனங்கள் தலைகீழாக நிற்கிறார்கள். இவளுக்கு ஒரு வீடே இருக்கிறது. ஆனாலும் என்ன பயன்? அம்மா போன பிறகு ஒரு குளிர்காலம்கூடப் போய்ச் சேர முடியவில்லை. ஒரு வருஷம் பையன் இட்சுகிக்குக் காய்ச்சல். மறு வருஷம் கணவன் கோஹெய்க்கு வேலை மாற்றம். அப்பாதான் கோடையில் ஒருதரம் வந்து, ஒரு ராத்திரி தங்கி, பை நிறைய ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை போன்தான்.

அதனால் இந்த வருஷம் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தாள். பையனுக்கு முதல் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. அவன் பூட்ஸ் அங்கேயே வாடகைக்கு, ஏனென்றால் கால் வளர்ந்துகொண்டே போகிறது. உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பை ஆளுக்கு இத்தனை, மதியம் சாப்பாட்டுக்கடையில் கூட்டம் சேருமுன் கீழே இறங்கிவிடுவது, சாயங்காலம் வெந்நீர் ஊற்று. எல்லாம் அவள் மண்டைக்குள் அடுக்கி வைத்தாயிற்று.

"நீ படைக்குத் தளபதியாப் போயிருக்க வேண்டியவ. என்கிட்ட வந்து மாட்டிக்கிட்டே" என்றான் கோஹெய், கையுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டே.

"தேடு, தேடு. வாய் மட்டும் குறைச்சல் இல்லை."

நாளைக் காலை கிளம்ப வேண்டும். அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண்.

"மடோ கண்ணா? நான் ஃபுமியே பேசறேன், பக்கத்து வீட்டு அத்தை. பார்சல் மேலே உன் நம்பர் இருந்துச்சு, போட்டேன். பலகையெல்லாம் வந்து இறங்கியிருக்கு. உள்ளே இருக்கற ஆஸ்திரேலியாக்காரங்க பதறிப்போய், இது எங்களது இல்லைன்னு என்னைக் கூப்பிட்டாங்க."

"எந்த ஆஸ்திரேலியாக்காரங்க அத்தை?"

"வேற யாரு, வீட்டுல தங்கியிருக்கறவங்கதான். நாளைக்குக் காலையில காலி பண்ணிடுவாங்க, நீ கவலைப்படாதே. நான் ஓடிப்போய்க் கூட்டித் துடைச்சு வெச்சிடறேன். உங்க அப்பா புக் பண்ணினது நாளையில இருந்துதானே? சாமான் ஒரு நாள் முந்திக்கிச்சு, அவ்வளவுதான். அதுவரைக்கும் என் வீட்டுல சாத்தி வெச்சிருக்கேன்."

மடோகாவுக்குக் காது அடைத்தது. புக் பண்ணினதா? தன் வீட்டை எவனாவது புக் பண்ணுவானா?

ஆனாலும் வெளியாள் முன்னால் வீட்டு வண்டவாளம் தெரியக்கூடாது என்று வளர்ந்தவள். நாக்கு தானாகவே "ஆமாம் அத்தை, சிரமம் கொடுத்துட்டோம்" என்றது.

"சிரமம் என்ன சிரமம், சாவி வெச்சிருக்கறதுக்குத்தானே புது ஓனர் எனக்குச் சம்பளம் குடுக்கறாரு. அப்பாவுக்கு இடுப்பு இப்ப எப்படி இருக்கு? உன்கிட்ட வந்தப்புறம் தேவலையா? ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டை வித்துட்டுக் கிளம்பற அன்னைக்கு, 'என் மக விட மாட்டேங்கறா, கையோட கூட்டிட்டுப் போறா'ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுல்ல போனாரு மனுஷன்! பழைய வீட்டுல பேரனோட நாலு நாள் இருக்கணுமாம், பாவம். எனக்கும் ஒருத்தி இருக்காளே ஓசாக்காவுல, அம்மா இருக்கியா செத்தியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா. நீ நல்லா இருக்கணும் கண்ணு."

போனை வைத்த மடோகா, தரையில் கிடந்த ஒற்றைக் கையுறையை எடுத்தாள், திரும்ப அங்கேயே போட்டாள்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அப்பா வீட்டை வித்துட்டாராம். ரெண்டு வருஷமா அது விடுதியாம். அப்பா நம்ம கூட இருக்காராம்."

கோஹெய் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான், மாமனார் அதற்குப் பின்னால் நிற்கிறாரோ என்பதுபோல. சிரிப்பு வரவேண்டிய நேரம்தான். யாருக்கும் வரவில்லை.

"அப்ப போன வாரம் போன்ல பேசினது யாரு? பனி கழுத்து வரைக்கும் நிக்குதுன்னாரே!"

அதைத்தானே அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுபத்து நாலு வயது மனுஷன். வீடு இல்லை. மகளோடும் இல்லை. இரண்டு குளிர்காலம், இரண்டு கோடை. எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார்? யாராவது ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட்டார்களா? இல்லை, புத்தி பிசகி, விற்றதையே மறந்து, எங்கேயாவது ஒரு ரயில்நிலைய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பனி கொட்டுகிறது என்கிறாரா? அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "ஆங், மடோகாவா! இங்கே என்ன கொட்டு கொட்டுதுங்கறே! காலையில இருந்து கூரைப் பனியைத் தள்ளித் தள்ளிக் கை ஓஞ்சுபோச்சு. வாசல் கதவைத் திறக்க முடியலை."

குரல் திடமாக, குஷியாக இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"கூரையில ஏறினீங்களாப்பா?"

"ஏறாம? வேற யாரு தள்ளுவா?"

"பலகையெல்லாம் வந்துச்சா?"

"பலகையா? அனுப்பிட்டியா என்ன?"

"இன்னைக்கு வந்திருக்கணுமே."

"ஓ, அதுவா! வந்துச்சு, வந்துச்சு. வாசல்லதான் சாத்தி வெச்சிருக்கேன். இப்பக்கூடக் கண் முன்னாடி நிக்குது."

அடப்பாவி மனுஷா! மடோகா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, தெருக்கோடிக் கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டது. 'இது ஹனாகி நகராட்சி அறிவிப்பு. மகன் பேசுகிறேன், அவசரம் என்று போனில் பொய் சொல்லி முதியவர்களை ஏமாற்றும் ஆட்கள் நம் நகரில் நடமாடுகிறார்கள்...' வாரத்துக்கு இரண்டுமுறை கேட்கிற அறிவிப்புதான்.

இடது காதில் ஜன்னல் வழியாகக் கேட்டது. வலது காதில் போன் வழியாகக் கேட்டது. அதே பெண்குரல், அதே ஹனாகி நகராட்சி, ஒரு நொடி பிந்தி.

மடோகா ஜன்னலில் எட்டித் தெருவைப் பார்த்தாள்.

"அப்பா, எங்கே இருக்கீங்க?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி. கசாப்புக்கடை மாடி."

அந்தக் கசாப்புக்கடையில்தான் அவள் வாராவாரம், இறைச்சியோடு அங்கேயே பொரித்து விற்கும் உருளைக்கிழங்கு வடை வாங்குகிறாள். பையனைக் கோஹெய்யிடம் விட்டுவிட்டு, மேல்கோட்டைப் போடக்கூட மறந்து ஓடினாள்.

மாடிப்படியின் தலைப்பில் அப்பா நின்றிருந்தார். இடுப்பில் அகலமான பட்டை, கையில் தடி. கோடையில் அவள் வீட்டுக்கு வந்தபோது இந்தத் தடி இல்லை. அப்போது எப்படி நடந்தார், எவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார் என்று நினைத்ததுமே அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின.

ஒற்றை அறை. மூலையில் அம்மாவின் படம், முன்னால் ஒரு கிண்ணம் சோறு. மேஜைமேல் சின்னத் திரையில் கமினாசே சரிவு தெரிந்தது. சறுக்குத்தளத்துக்காரர்கள் பனி நிலவரம் காட்ட நாள் முழுக்க ஓடவிடும் கேமரா. அங்கே உண்மையாகவே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிலவரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

கதவோரம் ஒரு பெரிய பை வாய் திறந்தபடி கிடந்தது. உள்ளே பழைய வீட்டுச் செருப்புகள், அம்மாவின் சமையல் மேலங்கி, அப்பாவின் பனித்தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, கூடவே நாலு ஆணியும் ஒரு சுத்தியலும்.

மடோகா அந்தப் பலகையைக் கையில் எடுத்தாள். "இதை மாட்டப் போறீங்களா? அந்த வீட்டுல?"

"நாலு நாளைக்குத்தான். போறப்பக் கழட்டிடுவேன்" என்றார் டொகுஜி, திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி. "நாளைக்கு முதல் வண்டியில போயிடலாம்னு இருந்தேன். உங்களுக்கு முன்னாடி போய் அடுப்பைப் பத்த வெச்சு, செருப்பையெல்லாம் வாசல்ல போட்டு வெச்சா, பழைய மாதிரி ஆயிடும். சறுக்குப் பலகையை நீ முன்னாடியே அனுப்பிடுவேன்னு தோணவே இல்லை பாரு. எனக்கு வயசாயிடுச்சு."

"என்னப்பா கூத்து இது? நாடகமா நடத்தறீங்க? நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு, கழுத்து வரைக்கும் பனின்னு... எனக்கு உயிரே போயிடுச்சு! செத்துக்கித்துப் போயிட்டீங்களோன்னு!"

"கத்தாதே, கீழே கடையில ஆள் இருக்கு."

"இருக்கட்டும்! கேக்கட்டும்! ஊர்ல என்னடான்னா என் மக கூட்டிட்டுப் போறாங்கறீங்க. என் வீட்டுக்கு வந்தா என்ன? நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"கூப்பிட்டே. அம்மா காரியத்தன்னைக்குக் கூப்பிட்டே. நான்தான் வீம்பா, பனியில பிறந்தவன் பனியிலதான் சாவேன்னேன். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது? உனக்கும் ரெண்டு அறைதான். எதுக்குத் தொந்தரவு?" தடியை ஓரமாகச் சாத்திவிட்டு மெல்ல உட்கார்ந்தார். "பக்கத்துல இருந்தாப் போதும்னு வந்தேன். சனிக்கிழமை பையனை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போவீங்கல்ல? ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னாத் தெரியும். நல்லா உயரமாயிட்டான்."

எத்தனை சனிக்கிழமை! கேட் எப்போது திறக்கும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே அவள் நின்றிருப்பாள். எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று யார் பார்த்தார்கள்?

"இடுப்புக்கு என்ன?"

அவர் மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"கூரையில இருந்து விழுந்துட்டேன். பனி தள்ளும்போது. கீழே பனியிலதான் விழுந்தேன், ஆனா மேலே இருந்த பனியும் கூடவே சரிஞ்சு வந்து மூடிடுச்சு. கையை அசைக்க முடியலை. கத்தினாலும் வெளியே கேக்கலை. ஃபுமியே நாய்தான் குலைச்சுக் காட்டிக்கொடுத்துச்சு." சாதாரணமாகச் சொல்ல முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. "அன்னையில இருந்து பனியைக் கண்டாலே பயம் மடோகா. கண்ணாடிக்குப் பின்னாடின்னாப் பார்த்துடுவேன். நேர்ல முடியலை."

அப்படிப்பட்டவர்தான் நாளைக்கு முதல் வண்டியில் கிளம்புவதாக இருந்தார்.

"எப்ப நடந்துச்சு இது? எனக்கு ஏம்ப்பா சொல்லலை?"

"சொல்லத்தான் போன் பண்ணினேன். மறுநாள், ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்து. நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே. இட்சுகி பள்ளிக்கூடம் சேர்ந்ததும் வருஷா வருஷம் வருவோம், அவனுக்கு எந்தச் சரிவு, என்ன பூட்ஸ், எந்த வண்டியில வந்தாக் கூட்டம் இருக்காது, எல்லாம் சொன்னே. அந்த வீடு இருக்கறது எவ்வளவு பெரிய கொடுப்பினை தெரியுமாப்பா, அதை மட்டும் பத்திரமாப் பாத்துக்கங்கன்னே." சிரிக்கப் பார்த்தார். "அதுக்கப்புறம் எங்கே சொல்றது?"

அந்தப் போன் மடோகாவுக்கு நன்றாக நினைவிருந்தது. சமையலறையில் நின்று, ஒரு கையால் காரட் நறுக்கிக்கொண்டே பேசியது. பூட்ஸ் பற்றிப் பேசியது, லிஃப்ட் பற்றிப் பேசியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்று மட்டும் எவ்வளவு துழாவியும் வரவில்லை.

"அப்பா, அன்னைக்கு நான்... எப்படி இருக்கீங்கன்னு உங்களைக் கேட்டேனா?"

டொகுஜி உடனே தலையாட்டினார்.

"கேட்டே, கேட்டே. முதல் வார்த்தையே அதுதான் கேட்டே" என்றார், பனி கழுத்து வரைக்கும் நிற்கிறது என்று சொல்கிற அதே குரலில்.