அடையாளம்: நல்லா நனைஞ்சிருந்தார்

மழை வந்தால் சிலருக்குக் கவிதை வரும், சிலருக்குத் தூக்கம் வரும். எனக்குக் குடை வரும்.

நான் பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையின் எழுத்தர். பஸ்ஸில் யார் எதை விட்டுவிட்டு இறங்கினாலும் கண்டக்டர்கள் அதைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் அதற்கு ஒரு எண் போட்டு, அட்டைச் சீட்டில் எழுதி, நூலால் கட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். உரியவர் வந்து அடையாளம் சொன்னால், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் நிம்மதியான வேலை. ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு சாப்பாட்டு டப்பா, எப்போதாவது ஒரு பல்செட். மழைக்காலம் பிறந்துவிட்டால் அறை முழுக்கக் குடை. சொட்டுச் சொட்டென்று வடியும். ஊறிய துணி நாற்றம் வேறு. தரையைத் துடைத்துத் துடைத்தே என் முதுகு வளைந்துவிட்டது.

அதனால் அன்று காலை ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுவதைப் பார்த்ததும் நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். போர்வைக்கு மேல் ஏறி இரண்டு பேர் குதித்தார்கள்.

"ஸ்கூல் லீவு! ஸ்கூல் லீவு!"

ஒன்பது வயதுப் பெரியவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பாள். ஆறு வயதுச் சின்னவன் அவளுடைய ஜூனியர். அக்கா சொன்னதில் கடைசி வார்த்தையைத் திரும்பச் சொல்வது அவன் வேலை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மழை என்று நோயாளிகள் லீவு எடுப்பதில்லை.

"ரெண்டையும் உங்க ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள், தலையைப் பின்னிக்கொண்டே.

"இன்னைக்கா? நாலு மணிக்குப் புது ஆய்வாளர் வர்றாரு!"

"வரட்டுமே. அவரும் ஒரு காலத்துல பிள்ளையாத்தான இருந்திருப்பாரு."

அவளுக்கு விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. போன ஆய்வில் ஒரு ஃபிளாஸ்க் காணாமல் போய் எனக்கு மெமோ கிடைத்திருந்தது. இந்த முறை ஒரு பொருள் குறைந்தாலும் ஊர்க்கோடி டிப்போவுக்கு மாற்றம் என்று மேலாளர் வாயாலேயே சொல்லிவிட்டார். அங்கே போனால் விடியும் முன் கிளம்ப வேண்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் இந்த இரண்டு வாலுகளையும் கண்மூடிய நிலையில்தான் பார்க்க முடியும். தூங்கும்போது இரண்டும் அழகுதான். ஆனால் தூங்கும் பிள்ளைகள் என் மேல் ஏறிக் குதிக்க மாட்டார்களே.

அறைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். முப்பத்து நான்கு குடைகள், முப்பத்து நான்கு சீட்டுகள். எங்கள் சொந்தக் குடையைத் தனியாகக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அப்பாடா என்று உட்காரும்போது ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பதினேழாம் நம்பர் வண்டில எவனோ தையல் மெஷினை விட்டுட்டுப் போயிட்டான். ஒத்த ஆளால தூக்க முடியல. ஒரு கை குடுங்க."

தையல் மெஷினை எப்படி ஐயா மறப்பான் ஒருவன்? புலம்பிக்கொண்டே எழுந்தேன்.

"அப்பா, யாராவது வந்தா?" என்றாள் வக்கீல்.

"உக்காரச் சொல்லு. குடை கேட்டு வந்தா, அடையாளம் எழுதி, கையெழுத்து வாங்கிட்டுக் குடு. தொலைச்சவங்களுக்கு மட்டும்தான், சரியா?"

"தொலைச்சவங்கன்னு எப்படித் தெரியும்?"

அவசரத்தில் மனிதன் என்னவெல்லாம் உளறுகிறான் பாருங்கள். "குடையத் தொலைச்சவன் நனைஞ்சுக்கிட்டுத்தான் வருவான்!" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தையல் மெஷின் லேசில் அசையவில்லை. அதைக் கீழே இறக்கி, வழியில் இரண்டு முறை வைத்து, மூச்சு வாங்கி, அறைக்குக் கொண்டுவந்து சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. வாசலில் நின்று நிமிர்ந்தேன். குடை அலமாரி கிட்டத்தட்ட காலியாக இருந்தது.

"முப்பத்து மூணு பேர்ப்பா!" என்றாள் வக்கீல், பதிவேட்டை இரண்டு கையாலும் நீட்டி. "எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டோம்!"

"வாங்கிட்டோம்!" என்றான் ஜூனியர்.

பதிவேட்டைப் பார்த்தேன். 'உரியவர் சொன்ன அடையாளம்' என்ற கட்டத்தில், மேலிருந்து கீழ்வரை, கோடு தாண்டாத குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள். 'நல்லா நனைஞ்சிருந்தார்.' 'நல்லா நனைஞ்சிருந்தாங்க, பாப்பாவும் நனைஞ்சிருந்தது.' 'பாதிதான் நனைஞ்சிருந்தார், ஆனா வயசானவர்.'

"இவங்கள்லாம் குடையத் தொலைச்சவங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீதான்ப்பா. நனைஞ்சு வருவாங்கன்னு சொன்னேல்ல? மழைக்கு ஒதுங்கி வெளிய நின்னாங்க. நாங்கதான் கூப்பிட்டோம். ஒருத்தர் 'இது என்னோடது இல்லம்மா'ன்னார். 'அப்போ உங்களோடது எங்க?'ன்னு கேட்டேன். 'தெரியல'ன்னார். தொலைச்சுட்டார்னு தானே அர்த்தம்?"

இந்த வழக்கில் உச்சநீதிமன்றம் போனாலும் நான் தோற்றிருப்பேன்.

கத்த வாயைத் திறந்தேன். சின்னவன் உதடு துடிக்க ஆரம்பித்தது. வாயை மூடிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். ஒரு ஐந்தாறு குடையையாவது பிடித்துவிடலாம் என்று நப்பாசை.

மூன்றாவது நடைமேடையில் என் பன்னிரண்டாம் எண் நின்றிருந்தது. பூப்போட்ட குடை, சீட்டு இன்னும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு இளம் தாய், தோளில் தூங்கும் குழந்தை.

"ஏம்மா, இந்தக் குடை..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த அறையில இருக்கற பொண்ணு குடுத்ததுங்க" என்றாள் அவள். "பிள்ளைக்கு நேத்துதான் காய்ச்சல் விட்டுச்சு. எப்படிப் போறதுன்னு நின்னேன். உங்க பொண்ணா அது? நல்லா வளத்திருக்கீங்க."

பிடுங்க வந்த கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். "ஆமா... குடைய இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க. இல்லேன்னா பிள்ளை கால் நனையும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

தொப்பலாக உள்ளே வந்தவனிடம் சின்னவன் எதையோ நீட்டினான். முப்பத்து நான்காம் எண். மூன்று கம்பி வெளியே துருத்திக்கொண்டிருந்த ஓட்டைக் குடை.

"இதை யாருமே வாங்கலப்பா. நீயும் நனைஞ்சிருக்க. வாங்கிக்கோ. கையெழுத்துப் போடு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மணிக்கு மழை சட்டென்று நின்றது. வெயிலே எட்டிப் பார்த்தது. நான் மேசையில் தலை வைத்து, ஊர்க்கோடி டிப்போவுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பீப் என்று விசில் சத்தம். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும் பெண் கண்டக்டர். நாங்கள் அவரை விசில் அக்கா என்போம்.

"என்ன சார், கப்பல் கவுந்துடுச்சா? இந்தாங்க, ஒம்போதாம் நம்பர் வண்டில நாலு குடை. மழை நின்னதும் விட்டுட்டு இறங்கிட்டாங்க மகராசனுங்க. அதிசயம் என்னன்னா, எல்லாத்துலயும் ஏற்கெனவே உங்க சீட்டு இருக்கு!"

துள்ளி எழுந்தேன். ஏழு, பத்தொன்பது, முப்பது, மூன்று. என் கையெழுத்து, என் நூல், என் முடிச்சு.

இருபது வருடம் இந்த வேலையில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே! பெய்யும்வரைதான் குடை உறவுக்காரன். மழை நின்ற நிமிடமே அது அநாதை. சொந்தக் குடையையே விட்டுவிட்டு இறங்குகிறவர்கள், ஓசிக் குடையையா நினைவாக எடுத்துப் போவார்கள்?

அடுத்து ஒரு கண்டக்டர் ஆறு கொண்டுவந்தார். இன்னொருவர் மூன்று. சிலரோ மறக்காமல் தேடி வந்து, "நன்றிம்மா" என்று வக்கீலிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். இளம் தாயின் குடை அவளுடைய தம்பி கையில் வந்தது. சின்னவன் ஒவ்வொன்றுக்கும் "வந்தாச்சு!" என்று கூவினான். நானும் கூடச் சேர்ந்து கூவினேன். அறையே கல்யாண வீடு மாதிரி ஆனது.

"என்ன சார், காலைல விதைச்சு மத்தியானமே அறுவடையா?" என்றார் விசில் அக்கா.

மூன்றரை மணிக்கு எண்ணிப் பார்த்தேன். முப்பத்து மூன்றில் முப்பது வந்துவிட்டது. மூன்று இல்லை. வானம் மறுபடி இருட்டியது.

பதிவேடு திறந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால்? மூன்று பேருக்கு மட்டும் புதுசாக எழுதி, நல்ல அடையாளமாக நாமே ஜோடித்துவிட்டால்? தாளின் ஓரத்தைப் பிடித்தேன்.

"என் எழுத்து நல்லா இல்லையாப்பா?" என்றாள் வக்கீல். முதல் முறையாக அவள் குரலில் வாதம் இல்லை.

தாளை விட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு. கோடே தாண்டல" என்றேன்.

நான்கு அடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. வாசலில் ஆறடி உயரத்தில் ஒருவர் வந்து நின்றார். கையில் தோல்பை, முகத்தில் கடுகடுப்பு, சட்டை ஈரம்.

"நான்தான் ஆய்வா..." என்று ஆரம்பித்து, பெரிதாகத் தும்மினார்.

"தும்மல் மாமா!" என்று கத்தினான் சின்னவன். "அக்கா, காலைல வந்த தும்மல் மாமா!"

நான் அவன் வாயைப் பொத்தினேன். ஆய்வாளர் நாற்காலியில் அமர்ந்து, பதிவேட்டை இழுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் இருபத்திரண்டில் நின்றது. அங்கே எழுதியிருந்தது: 'நல்லா நனைஞ்சிருந்தார். நாலு தடவை தும்மினார்.' பக்கத்தில் வளைத்து வளைத்துப் போட்ட ஒரு பெரிய கையெழுத்து.

நடந்தது எனக்கு இப்போது புரிந்தது. வேறு டிப்போவுக்குப் போக, காலையில் இங்கே பஸ் மாறியிருக்கிறார் மனிதர்.

"சார், தப்பு என்னோடது" என்றேன். மெஷின் தூக்கப் போனது முதல் மூன்று குடை குறைவது வரை ஒன்று விடாமல் சொன்னேன். "பிள்ளைங்க நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. மெமோ எனக்குக் குடுங்க."

அவர் வக்கீலைப் பார்த்தார். "என் குடை வீட்லதாம்மா இருந்துச்சு. காலைல அவசரம், எதுவும் சொல்லாம வாங்கிட்டுப் போயிட்டேன். அப்புறம்..." குரல் தாழ்ந்தது. "பஸ்லயே விட்டுட்டேன்."

"அப்போ நீங்க உங்க குடையத் தொலைக்கலையா?" வக்கீலின் முகம் வாடியது. "எங்க குடையத்தான் தொலைச்சீங்களா?"

ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். அப்போது பீப் என்று விசில் அக்கா நுழைந்தார்.

"சார், இன்னொண்ணு! நம்பர் இருபத்திரண்டு. வட்டமா மீசை வச்ச ஒரு நெட்டை ஆளு, ஜன்னலோரம் உக்காந்து தூங்கி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஆய்வாளரின் மீசையைப் பார்த்ததும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே வெளியேறினார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். பக்கத்தின் அடியில் எழுதினார்: 'குடைகள் தேவைப்பட்டவர்களுக்குக் கையெழுத்துப் பெற்றே தரப்பட்டுள்ளன. இரண்டு மட்டும் திரும்ப வேண்டும். பதிவேடு ஒழுங்கு.'

"அந்த ரெண்டும் அடுத்த மழை நின்னதும் வந்துடும்" என்றார் என்னிடம். "மெமோ குடுக்கணும்னா முதல்ல எனக்குத்தான் குடுக்கணும்."

விருட்டென்று எழுந்து வாசல்வரை போனார். மழை பேயாக அடித்தது. நின்றார். திரும்பி வந்தார்.

"பாப்பா... அந்த இருபத்திரண்டாம் நம்பர்..."

வக்கீல் பேனாவை எடுத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க சட்டை காஞ்சு போச்சே மாமா. அடையாளம் என்னன்னு எழுதறது?"

"அதுக்கு என்னம்மா பண்ணணும்?"

"வெளிய போய் நனைஞ்சுட்டு வாங்க."

"நனைஞ்சுட்டு வாங்க" என்றான் ஜூனியர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தலைமை அலுவலகத்தின் ஆய்வாளர் படிக்குக் கீழே இறங்கி, மழையில் முகத்தை நிமிர்த்தி, பத்து எண்ணும்வரை நின்றுகொண்டிருந்தார். திரும்பி வரும்போது அந்தக் கடுகடுப்பு எங்கேயோ கரைந்து போயிருந்தது.

ஐந்தரைக்கு அறையைப் பூட்டினேன். கதவுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். "நம்ம குடை எங்க?"

இரண்டும் கூரையைப் பார்த்தன.

"கடைசியா ஒரு அக்கா வந்தாங்க" என்றாள் வக்கீல். "அலமாரில அந்த ஓட்டைக் குடைதான் இருந்துச்சு. வேண்டாம்னுட்டாங்க. நம்ம குடைல நம்பர் இல்ல, அதான் எழுதாமயே..."

வேறு நாளாக இருந்தால் ஆடித் தீர்த்திருப்பேன். அன்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன். "சரி, யாரு முதல்ல அந்தக் குட்டையில குதிக்கறது?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் நானே முதலில் குதித்தேன்.

வீட்டு வாசலில் என் மனைவி மூவரையும் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "குடை எங்க?"

சின்னவன் முன்னால் வந்தான். இந்த முறை அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை.

"அம்மா, நாங்க நல்லா நனைஞ்சிருக்கோம். துண்டு குடு. கையெழுத்து வேணா போடறோம்."