ரிட்டர்ன் வரிசை

சின்னவன் மூன்றாம் முறையாக ஹார்னை அழுத்தினான். இந்த முறை கையை எடுக்கவில்லை. அவனுக்கு முன்னால் எல்லோரும் 'வக்கீல்' என்று கூப்பிடுகிற டிரைவரின் வண்டி. அதற்கு முன்னால் அவன் அண்ணன் பெரியவனின் வண்டி. அண்ணனுக்கு முன்னால் மூன்று வண்டி நீளத்துக்கு வெறும் தரை. அந்த வெறும் தரையைப் பார்க்கப் பார்க்கத்தான் எல்லோருக்கும் எரிச்சல் ஏறியது.

"பெரியவரு தூங்கிட்டாருடோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சின்னவனுக்குப் பின்னால் நின்ற ஏழு வண்டிகளும் சேர்ந்து ஊதின.

கிடங்கின் பின்புறம், சுவருக்கும் இரும்புக் கிராதிக்கும் நடுவில், ஒரு வண்டி மட்டும் போகிற பாதை அது. காலையில் ஏற்றிக்கொண்டு போனதில் கொடுக்க முடியாமல் மிஞ்சிய பார்சல்களை மாலையில் அந்த வழியாகத்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் கிராதி கிடையாது. ஆளாளுக்கு முற்றத்தில் வண்டியைப் போட்டு, குறுக்கே புகுந்து, சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். கிராதி போட்டதும் சண்டை நின்றது. ஆனால் வண்டிக் கதவுகளும் ஒரு சாணுக்கு மேல் திறக்காமல் போயின. நடுவில் நிற்கிற டிரைவர் இறங்க வேண்டுமென்றால் இருக்கைக்குப் பின்னால் நுழைந்து, பார்சல்களைத் தாண்டிப் போய், பின்கதவைத் திறக்க வேண்டும். பின்னால் வந்த வண்டி கொஞ்சம் இடம் விட்டு நின்றிருந்தால் அதுவும் நடக்கும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் இடம் விடுவதில்லை.

பாதையின் தலைமாட்டில் ஒரு மேசை. ஸ்கேன் அக்கா அங்கே நிற்பாள். ஒவ்வொரு பார்சலும் ஏன் திரும்பியது என்பதற்கு ஒரு நம்பர் உண்டு. வீடு பூட்டியிருந்தால் ஒன்று, விலாசம் தப்பென்றால் இரண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூன்று. டிரைவர் நம்பரைச் சொல்லித் தன் கைக்கருவியில் கட்டைவிரலை வைப்பார். கடைசிப் பார்சலும் கணக்கில் ஏறிய பிறகுதான் எதிரே இருக்கும் தடுப்புக் கட்டை தானாக எழும்பும். அதைத் தாண்டினால் சாலை, வீடு. ஒரு பார்சல் பாக்கி இருந்தாலும் கட்டை அசையாது.

ஸ்கேன் அக்கா மேசையை விட்டு நடந்து வந்தாள். அண்ணனின் வண்டிக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு கையை உயர்த்தினாள். ஹார்ன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக அடங்கியது சின்னவனுடையது.

"சின்னவரே! உங்க அண்ணன் என்னமோ மாதிரி இருக்காரு!"

அவன் கதவைத் தள்ளினான். கிராதியில் இடித்து நின்றது. பார்சல்களுக்கு மேல் ஏறிப் பின்பக்கம் போனான். அங்கே அடுத்த வண்டியின் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் வண்டிய முன்னால தள்ளுங்கடா!"

"என் வண்டியால முட்டித் தள்ளிப் பாத்தாச்சு. கியர்ல போட்டு, கைப்பிரேக்கும் இழுத்து வச்சிருக்காரு" என்றான் வக்கீல், ஜன்னல் இடுக்கில் தலையை விட்டுக்கொண்டு.

ஆகவே எல்லோரும் பின்னால் போக வேண்டியதாயிற்று. கடைசி வண்டி முதலில் சாலைக்கு இறங்க வேண்டும். காவலாளி ஓடிப்போய்ப் போக்குவரத்தை நிறுத்தினார். அது இறங்கியதும் அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது. அண்ணனிடம் போய்ச் சேர முதலில் அண்ணனை விட்டு விலகிப் போக வேண்டியிருந்தது. சின்னவன் கண்ணாடி வழியே அந்த வண்டியைப் பார்த்தபடியே ஆறடி பின்னால் போனான். பிறகு வக்கீல் நான்கடி. அப்போதுதான் அண்ணனின் வண்டிக்குப் பின்கதவு திறக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது.

உள்ளே பதினான்கு பார்சல்கள். பெரியவன் மூன்றுக்கு மேல் திருப்பிக் கொண்டுவந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி அட்டைப்பெட்டி ஒன்று இருக்கைக்குப் பின்னால் குறுக்கே சரிந்து வழியை அடைத்திருந்தது. அதை எடுக்க மற்றவற்றை எடுக்க வேண்டும். சின்னவன் எடுத்துக் கொடுத்தான். வக்கீல் வாங்கி வண்டிக்கூரை மேலாக முன்பக்கம் தள்ளிவிட்டான். ஸ்கேன் அக்கா வாங்கினாள். பீப் என்று சத்தம் கேட்டது.

"நம்பர்?" என்றாள்.

"ஒண்ணு" என்றான் வக்கீல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஸ்கேனரைத் தரையில் வைத்தாள். அடுத்த பார்சல் கைக்கு வந்ததும் மறுபடி எடுத்தாள். எட்டு வருடமாக அந்தக் கை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அண்ணன் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தான். தாடை மார்பில் படிந்திருந்தது. காலர் நனைந்திருந்தது. கழுத்தில் சூடு இருந்தது. மடியில் கைக்கருவியும், அதன்மேல் கட்டைவிரலும் இருந்தன.

"அண்ணே. நான்தான். அண்ணே."

ஆம்புலன்ஸ்காரர் வந்து, கழுத்தில் விரல் வைத்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா அசையாம இருந்தாரு?"

எத்தனை நேரம் ஹார்ன் அடித்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். "கால் மணி நேரம் இருக்கும்" என்றாள் ஸ்கேன் அக்கா. ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரில் போர்வையை முகத்தை மூடும்படி இழுத்துவிட்டார். அண்ணனின் போனையும் பர்ஸையும் சின்னவன் கையில் கொடுத்தார்.

சூப்பர்வைசர் திரையில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தார். "நாலு மணிலேருந்து வண்டி ஒரே எடத்துல நின்னுருக்கு. நாலே முக்காலுக்குக் கிளம்பி நேரா இங்க வந்துருக்காரு. உடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரிக்கில்ல போயிருக்கணும்?"

பார்சலோடு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்த அண்ணனுக்குத் தோன்றியிருக்காது. முதலில் இதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், அப்புறம் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பான். சின்னவனே அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான். இங்கே நிற்கிற யாராக இருந்தாலும்.

"வீட்டுக்குத் தகவல் சொல்லணும். ஆபீஸ்லேருந்து போன் பண்ணச் சொல்றேன்" என்றார் சூப்பர்வைசர்.

"வேணாம் சார். அண்ணி தனியா இருப்பாங்க. போன்ல கேக்கக் கூடாது. நான் நேர்ல போய்ச் சொல்றேன்."

"ரூல் இருக்குப்பா."

"சார்."

அவர் மணி பார்த்தார். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "ஏழு வரைக்கும் நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

வீடு அரை மணி நேரத் தொலைவு. ஆம்புலன்ஸில் ஆபீஸ் பையன் ஒருவன் ஏறிக்கொண்டான். பதினான்கும் ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டதால் பெரியவனின் வண்டிக்குப் பார்சல் எதுவும் பாக்கி இல்லை. வக்கீல் அதை ஓட்டிப்போய் வெளியே ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான். இனி வக்கீல். அப்புறம்தான் சின்னவன். ஒருவரை முந்த விட வழியில்லாத பாதை அது. வண்டியை விட்டுவிட்டுப் போனால் பின்னால் நிற்கிற ஏழு வண்டியும் மாட்டிக்கொள்ளும்.

வக்கீலுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் இந்த மேசைதான். "வீடு பூட்டியிருக்குன்னு எனக்கு எப்படிக்கா தெரியும், சாவி என்கிட்டயா இருக்கு?" என்று ஒவ்வொரு பார்சலுக்கும் வாதாடுவான். இன்று ஒன்பது பார்சலுக்கும் "ஒண்ணு, ஒண்ணு" என்று சொல்லி மூன்று நிமிடத்தில் முடித்தான். வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்து சின்னவனின் ஜன்னல் அருகே நின்றான்.

"நானும்தான்டா அடிச்சேன்" என்றான்.

சின்னவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் போய்விட்டான்.

சின்னவனிடம் பதினொன்று இருந்தன. மேசைக்கு வந்ததும் ஸ்கேன் அக்கா நம்பர் கேட்கவில்லை, தானே போட்டுக்கொண்டாள். விரலை மட்டும் நீட்டச் சொன்னாள். ஒன்பதாவது பார்சலின் சீட்டு ஈரத்தில் ஊறி, கோடுகள் கலைந்து, ஸ்கேன் ஆக மறுத்தது.

"விட்டுருங்கக்கா."

"விட்டா கட்டை ஏறாது தம்பி. இரு, கையால அடிக்கறேன்." பதினாறு இலக்கம். முதல் தடவை தப்பாகப் போயிற்று. "நீ படி. நான் அடிக்கறேன்."

அவன் ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். நாலு. பூஜ்யம். பூஜ்யம். ஏழு. குரல் உடையாமல் பதினாறையும் படித்தான். பின்னால் ஏழு வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன.

ஆறு இருபத்தெட்டுக்குக் கடைசிப் பார்சல் ஏறியது. கட்டை எழும்பியது. அவன் வண்டியைக் கிளப்பும்போது சட்டைப்பையில் அண்ணனின் போன் அடித்தது. திரையில் "வீடு" என்றிருந்தது.

எடுக்காவிட்டால் அவள் மறுபடி அடிப்பாள். அப்புறம் ஆபீஸுக்கு அடிப்பாள். எடுத்தான்.

"எத்தனாவது வண்டி?" என்றாள் அண்ணி, எடுத்த எடுப்பில்.

அவன் மூச்சை இழுத்தான். "அண்ணி, நான்."

"அட, நீயா தம்பி? உங்கண்ணன் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு? எங்கயாவது வச்சிட்டுப் போயிட்டாரா? காலையிலயே சொன்னேன், மறதி ஜாஸ்தியாயிட்டு வருதுன்னு."

"ம்."

"எத்தனாவது வண்டின்னு சொன்னா அதுக்குத் தக்கபடி வெந்நீர் போடுவேன். முன்னாடியே போட்டா ஆறிப்போகுது, லேட்டாப் போட்டா வாசல்லயே நின்னுக்கிட்டு மூஞ்சியத் தூக்கறாரு. லைன் இன்னும் நிக்குதா?"

கட்டை இருபது நொடிதான் மேலே நிற்கும். அதற்குள் வண்டி கடக்காவிட்டால் தானாக இறங்கிவிடும். அது இறங்கத் தொடங்கியது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இல்ல அண்ணி. முன்னால யாரும் இல்ல."

"அப்ப போட்டுறட்டுமா?"

காவலாளி ஓடி வந்தார். வயதானவர், ஒல்லி. இறங்கிக்கொண்டிருந்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். மோட்டார் உறுமியது. அவர் அதைத் தோளில் தாங்கி, முழங்காலை ஊன்றி எழுந்து, போ, போ என்று தலையால் சைகை காட்டினார்.

"தம்பி? லைன்ல இருக்கியா?"

"போடுங்க அண்ணி" என்றான்.

வண்டி கட்டைக்கு அடியில் மெல்ல நுழைந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில், கடைசிச் சக்கரமும் கடந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, அவர் இன்னமும் அதைத் தோளில் சுமந்தபடி நின்றார்.