மாமனாரின் மீசையும் துபாய் ஷீட்டும்

விழுப்புரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டித் தரகர் தாண்டவராயனுக்கு உட்கார வராது. நாற்காலிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலில்தான் நிற்கும். அப்படிப்பட்டவர் கையில் அந்தப் படம் வந்து சேர்ந்ததுதான் வம்பு.

படத்தில் இருந்தவர் அவருடைய மாமனார், திண்டிவனம் பெரியதம்பி. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர். கேமராவைத் தூரத்தில் கண்டாலே கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்து, கரும்பு வெட்டுகிற காலத்தில்தான் வெளியே வருவார். மகள் ராஜாமணியின் கல்யாண ஆல்பத்தில் அவர் நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் வாழைமரம் நிற்கிறது. ஒருநாள் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவரை, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த சவுரிராயன் என்ற டிராயிங் மாஸ்டர் பழுப்புத் தாளில் கரித்துண்டால் வரைந்து, மீசையை மட்டும் வெள்ளைச் சாக்கட்டியால் அப்பிவிட்டார். பெரியதம்பி கண்ணை மூடிய பிறகு மாஸ்டரே தேடி வந்து அதைக் கொடுத்தார். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே படம் அது.

"எங்க வூட்டுக்காரு மூஞ்சி இது ஒண்ணுலதான் இருக்குது மாப்ள. ஃபிரேம் போட்டு வருஷத் திதிக்குக் கொணாந்து சேத்துடுங்க. பத்திரம்!" என்று மாமியார் வெள்ளையம்மாள் சொல்லிவிட்டார்.

விழுப்புரத்தில் ஃபிரேம் கடை வைத்திருந்த மீரா சாகிப் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். "கண்ணாடி இன்னா போடறது, தாண்டவண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தார்.

முதலில் சாதாக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது பளபளத்தது.

"பாய், மாமனாரைக் கும்பிடப் போனா என் மூஞ்சி தெரியுது. என்னையே நான் கும்பிட்டுக்கினு நிக்கறதா?"

"நின்னா இன்னா அண்ணே? புண்ணியம் வெளிய போவாம வூட்டோட இருக்கும்."

தாண்டவராயன் ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். அடுத்து, பளபளக்காத சொரசொரப்புக் கண்ணாடி. அதில் மாமனார் மார்கழிப் பனியில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு வருவதுபோல மங்கலாக நின்றார். தாண்டவராயன் மறுபடியும் கேட் வரைக்கும் போய் வந்தார். அன்று அவர் நடந்த நடையைச் சேர்த்து நீட்டியிருந்தால் பாண்டிச்சேரி போய்க் கடலில் கால் நனைத்திருக்கலாம்.

"சரி, சாதாவே போடுங்க... அய்யோ, பஸ்ஸுல உடைஞ்சிட்டா? துண்டு குத்திப் படம் கிழிஞ்சிட்டா?"

"ஒரு எடத்துல நில்லுங்கண்ணே. எனக்குத் தலை சுத்துது," என்ற மீரா சாகிப், பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை இறக்கினார். கோட்டக்குப்பத்து மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. "யானை மிதிச்சாலும் உடையாது. வெயிட்டும் இல்ல."

படத்தை ஒட்டினாற்போல் ஷீட்டை வைத்து ஆணி அடித்தார்கள். மீரா சாகிப் அன்று இரண்டு டீ சேர்த்துக் குடித்தார்.

திண்டிவனம் பஸ்ஸில் ஒரு தூசி வந்து ஷீட்டில் ஒட்டியது. மாமனார் முகத்தைக் கண்ட துணியால் துடைக்கலாமா? கல்யாணத்துக்குப் போட்ட பட்டுத் துண்டை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க, தென்னாற்காடு ஜில்லாவின் தூசியெல்லாம் அழைப்பு வந்ததுபோல அங்கே வந்து கூடியது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கிற விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அதேதான் இங்கேயும் நடக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. விழுப்புரத்தில் தொடங்கிய கை திண்டிவனத்தில்தான் ஓய்ந்தது.

திதியன்று காலை மச்சினன் சின்னதுரை படத்தை உற்றுப் பார்த்தான்.

"இன்னா மாமா, எங்கப்பா மூஞ்சில பூனை பிறாண்டி வச்சிருக்குது?"

துடைத்த துடைப்பில் ஷீட்டு முழுக்கக் கீறல். போதாதா? தாண்டவராயன் கடைத்தெருவுக்கு ஓடிச் சாதாக் கண்ணாடி ஒன்றை வெட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். ராஜாமணி தடுத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கறதை ஏங்க நோண்டறீங்க? சும்மா இருங்களேன்!"

சும்மா இருப்பதா, அவரா? ஆணியைப் பிடுங்கினார். ஷீட்டைத் தூக்கினார். ஷீட்டோடு மீசையும் வந்தது.

பட்டு தேய்த்த தேய்ப்பில் சாக்கட்டித் தூள் மொத்தமும் பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தது. தாளில் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெறும் பழுப்பு. மீசை போன பெரியதம்பி, அடகுக் கடையில் எதையோ தொலைத்துவிட்டவர்போல விழித்தார்.

"அய்யய்யோ! அப்பா மூஞ்சி போச்சே!" ராஜாமணி போட்ட சத்தத்தில் பந்தலே கூடிவிட்டது.  தாண்டவராயன் பதறிப்போய் ஷீட்டைத் திரும்ப வைத்தார். தலைகீழாக. மீசை நெற்றிக்குப் போய்விட்டது.

"மாமா, எங்கப்பாவுக்குப் பட்டை போடறீங்களா?"

"ஷீட்டைத் திருப்புங்க! உரசாதீங்க!"

"கொஞ்சம் கெழக்கே!"

"கெழக்கு எதுடா, மூக்குப் பக்கமா காதுப் பக்கமா?"

ஊரே யோசனை சொன்னது. ஒருவழியாக மீசை உதட்டுக்கு மேல் இறங்கியது. ஆனால் கோணல். இடது முனை மூக்கைத் தொடப் பார்த்தது. இனி அசைத்தால் தூள் கலைந்துவிடும். யாரும் மூச்சுவிடவில்லை.

வெள்ளையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. தாண்டவராயன் ஆயுசில் முதல்முறையாக அசையாமல் நின்றார்.

"அந்த மாஸ்டரு மீசையை நேரா போட்டுட்டாருன்னு எனக்கு மனசே ஆறல," என்றார் வெள்ளையம்மாள். "கொழம்பு நல்லா இருந்தா ஒரு பக்கமா முறுக்கிக்கினு என்னைப் பார்ப்பாரு. ஒரு நாளாவது வாய் திறந்து சொன்ன மனுசனா? மீசைதான் சொல்லும்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

பிறகு நிமிர்ந்தார். "சின்னதுரை, இப்பிடியே ஆணி அடி. கண்ணாடியும் வேணாம், கிண்ணாடியும் வேணாம். இனிமே இந்த ஷீட்டும் அவரு மூஞ்சிதான். மாப்ள, அந்தப் பட்டுத் துண்டை இப்பிடிக் குடுங்க."

துண்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டவர், மாப்பிள்ளையின் இரண்டு கையிலும் தேங்காய்த் தட்டை ஏற்றி, படையல் முடிகிற வரைக்கும் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கற்பூரம் ஏற்றினார்கள். எங்கிருந்தோ ஒரு தூசி மிதந்து வந்து ஷீட்டின்மேல் உட்கார்ந்தது. தாண்டவராயன் அதைப் பார்த்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் தாண்டவராயனைப் பார்த்தார்கள்.